காம் 3 எங்கே?

சேலம்–தருமபுரி நெடுஞ்சாலையில் நல்லம்பள்ளிப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று எடைமேடையில் ஏறி நின்றால், எல்லோர் கண்ணும் எடையைக் காட்டும் சிவப்பு எண்கள் மேல்தான். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வேலை. எடை எந்த சீரியல் போர்ட் வழியாக வருகிறது என்று கணினியிடம் கேட்பது. பைத்தானில் பைசீரியல் என்ற நிரல் தொகுப்பை அழைத்து ஒரே வரி எழுதினால் போதும். காம் 1, காம் 3 என்று பெயர்கள் திரையில் வந்து நிற்கும். அந்த வரி எந்தப் போர்ட்டையும் திறப்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் வேலையைத் தொடுவதில்லை. வாசலில் நின்றே ஆள் இருக்கிறாரா என்று விசாரிக்கும் பக்குவம் அது.

எடைக்கருவியின் சீரியல் வயரைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி மாற்றியை உருவினால் விண்டோஸ் மெல்ல ஒலி எழுப்பும். பட்டியலில் ஒரு பெயர் குறையும். திரும்பச் செருகினால் அந்தப் பெயர் வந்துவிடும். நம் கருவி எது என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. ஒன்பது ஊசி இணைப்பின் இரு பக்கத் திருகுகளையும் விரலால் நிதானமாக முறுக்கி, பட்டியலை இன்னொரு முறை பார்ப்பதில் தனி நிறைவு உண்டு. மாற்றியை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் எண்ணும் மாறக்கூடும். ஆகவே எடைமேடைக்கு நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, காம் 3 என்று எழுதிப் பூட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் பட்டியலைக் கேளுங்கள்.