அச்சுப் பாடநூலும் கையெழுத்தும்

எழுத்து என்னும் சொல் ஒலிவடிவு, வரிவடிவு ஆகிய இரண்டனையும் குறிக்கும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியனார் நூன்மரபில் விதித்தது வரிவடிவு பற்றியதாகும். வரிவடிவை ஆராய்வோர் பெரும்பாலும் கல்வெட்டினையும் சுவடியினையுமே நோக்குவர். அஃது ஒரு குழந்தையின் கைக்கு எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதை நோக்குவார் சிலரே. அச்சிட்ட அரிச்சுவடிகளும் எழுத்துப் பயிற்சி ஏடுகளும் அப்பணியை எவ்வளவிற்கு ஆற்றுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதற்கண் மணலில் எழுதினான். ஆசிரியர் அவன் விரலைப் பற்றி எழுத்தை வரைவிப்பார். அவன் அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவ்வரியின்மேல் மீண்டும் மீண்டும் விரலை ஓட்டுவான். ஓலையும் எழுத்தாணியும் அதன் பின்னரே வந்தன. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக அஃது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் சென்றது.

இம்முறையின் சிறப்பு மணலில் இல்லை. எழுத்தோடு அதன் இயக்கமும் கற்பிக்கப்பட்டமையில் உள்ளது. எங்குத் தொடங்குவது, எப்பக்கம் திரும்புவது, எங்கு முடிப்பது என்பவற்றை ஆசிரியர் கையே பிள்ளையின் கைக்கு உணர்த்தியது.

அச்சு செய்த நன்மைகளை யாம் மறுக்கவில்லை. ஓலை கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலும் விடப்பட்ட புள்ளியை அச்சு நிலைபெறச் செய்தது. ரகரமும் காலும் ஒரே வடிவாய்ச் சுவடியில் நின்று விளைத்த மயக்கத்தையும் அது நீக்கியது. ஏழைச் சிறுவனும் நூல் உடையவன் ஆயினான். எனினும், அச்செழுத்து எழுதி முடிந்த வடிவம். எழுதப்படும் வடிவம் அன்று. ககர ஒகரத்தை எடுத்துக்கொள்வோம். கொம்பு, ககரம், கால் என்னும் மூன்றும் அச்சில் ஒருங்கே நிற்கின்றன. எதனை முதலில் எழுதுவது என்பதை அவ்வடிவு சொல்லுவதில்லை.

இக்குறையைப் போக்க வந்தனவே புள்ளியிட்ட பயிற்சி ஏடுகள் எனலாம். ஆனால் அவையும் அச்செழுத்தையே புள்ளிகளாகச் சிதைத்துத் தருகின்றன. மகரத்தை இடப்பக்கம் தொடங்கிக் கையெடாமல் எழுதலாம். வலப்பக்கத்திலிருந்து பின்னோக்கி இழுத்தும் புள்ளிகளை நிரப்பலாம். நிரம்பிய பக்கம் இரண்டிடத்தும் ஒன்றாகவே தோன்றும். பின்னர்த் திருத்தும் ஆசிரியர் பிழையைக் காணார். அப்பிள்ளை எழுத்தை எழுதவில்லை, படமாக வரைகின்றான். விரைந்து எழுத வேண்டிய வகுப்புகளில் அவன் கை தடுமாறும். கருத்தும் உடன் தடைப்படும்.

வரிசை முறையும் எண்ணத்தக்கது. நெடுங்கணக்கு ஒலிப்பிறப்பைத் தழுவிய சிறந்த அமைப்பு. ஆயின், அதனையே கைப்பயிற்சிக்கும் வரிசையாகக் கொண்டால், இரண்டாம் மெய்யாகிய ஙகரத்தின் வளைவுகளில் குழந்தை இடர்ப்படும். டகரத்தை நீட்டினால் பகரம். பகரத்தைத் தொடர்ந்து வளைத்தால் மகரம். இவ்வாறு கையியக்கம் தழுவி எழுத்துகளைத் தொகுத்த நூல்கள் பாராட்டத்தக்கன.

அச்சின் தேவையும் குழந்தையின் தேவையும் என்றும் முரணுவன அல்ல. பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களுள், ணா, லை முதலிய பதின்மூன்றினைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றது. அதனால் அச்சுக்கோப்பவர்க்கும் சுமை குறைந்தது. பிள்ளையின் நினைவுக்கும் சுமை குறைந்தது. அங்கு இரண்டும் பொருந்தின. பயிற்சி ஏட்டிலோ பொருந்தவில்லை.

படிப்பதற்கு ஒரு வடிவும் எழுதுவதற்கு ஒரு வடிவும் ஆகக் குழந்தைக்கு இரட்டைச் சுமை ஏற்றலாமா என வினவலாம். வடிவு ஒன்றே; காட்டும் முறையே வேறாக வேண்டும் என்பது எம் விடை. பயிற்சி ஏட்டில் நல்ல கையெழுத்தே மேல்வரியாக அமைதல் வேண்டும்; தொடங்கும் இடமும் செல்லும் திசையும் குறிக்கப்பெறல் வேண்டும்; பிள்ளை எழுதும்பொழுதே ஆசிரியர் அருகிருந்து காணல் வேண்டும். முதலிரண்டனையும் அச்சகம் தரக்கூடும். மூன்றாவதனை எந்த ஏடும் தாராது. அச்சு வந்தமையால் திண்ணையாசிரியரின் கைக்கு வேலை ஒழிந்தது என்று கருதியதே நாம் செய்த பிழை.