அக்காளுக்காகப் பிறந்த தங்கை: ஒரு கதையும் அறிவியலும்

அமெரிக்க நாவலாசிரியை ஜோடி பிக்கோ 2004-இல் எழுதிய ‘மை சிஸ்டர்ஸ் கீப்பர்’ என்னும் நாவல், நிக் கசவெட்டிஸ் இயக்கத்தில் 2009-இல் திரைப்படமாயிற்று. எலும்பு மஜ்ஜைக் கொடை என்றதும் பலருக்கு நினைவில் வருவது இக்கதைதான். ஆகவே இதன் அறிவியலைச் சற்று ஆராய்வது நலம்.

கேட் என்னும் சிறுமிக்கு இரத்தப் புற்றுநோய். குடும்பத்தில் எவருடைய திசுவும் அவளுக்குப் பொருந்தவில்லை. பொருந்தும் கரு எதுவெனச் சோதித்துத் தேர்ந்து, அன்னாவைப் பெற்றெடுக்கிறார்கள். தொப்புள்கொடி இரத்தம், வெள்ளணுக்கள், மஜ்ஜை என ஒவ்வொன்றாக அவளிடமிருந்து எடுக்கப்படுகின்றன. இறுதியில் சிறுநீரகமும் கேட்கப்படவே, அன்னா வழக்கறிஞரை நாடுகிறாள்.

குழந்தையின் உடல்மீது பெற்றோருக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வியை எழுப்பியது கதையின் சிறப்பு. திசுப் பொருத்தம் பற்றிய செய்தியும் சரியே. அதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் உள்ளன. அவற்றில் ஒரு தொகுதி தந்தையிடமிருந்தும் மறு தொகுதி தாயிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான்.

ஆனால் குறைகள் இரண்டு உண்டு. மஜ்ஜையும் சிறுநீரகமும் ஒரே வகை இழப்புப்போல் வரிசைப்படுத்தப்படுகின்றன. கொடுத்த சிறுநீரகம் மீண்டும் வளராது. கொடுத்த மஜ்ஜையோ சில வாரங்களில் ஊறிவிடும். இந்த வேறுபாட்டை அறியாத மாணவர், கொடை என்றாலே உறுப்பை இழப்பது என்று அஞ்சக்கூடும்.

அடுத்து, முன்பின் அறியாத கொடையாளர் கதையில் ஒரு பாத்திரமாகவே இல்லை. தம் மகன் அந்தோணிக்குக் கொடையாளர் தேடிய ஷெர்லி நோலன், 1974-இல் இலண்டனில் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். பொருத்தமான கொடையாளர் கிடைக்காமலே 1979-இல் அச்சிறுவன் இறந்தான். பதிவேடோ வளர்ந்தது. இன்று உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கு மேற்பட்டோர் உள்ளனர். சென்னையில் 2009-இல் தொடங்கிய ‘தாத்ரி’யும் அத்தகையதே. தம் இனத்தவர் பதிவேட்டில் மிகுந்திருந்தால்தான் நோயாளிக்குப் பொருத்தம் கிடைப்பது எளிது. தமிழ் இளைஞர் பதிவு செய்வது இதனால்தான் முக்கியம்.

கொடுக்கும் முறை என்ன? பெரும்பாலும் சுமார் ஐந்து நாள் ஊசி மருந்து செலுத்தி, மூல உயிரணுக்களை இரத்தத்தில் பெருகச் செய்வர். பிறகு கையிலிருந்து இரத்தம் எடுத்து, எந்திரத்தால் அவற்றை மட்டும் பிரித்து, எஞ்சியதை உடலுக்கே திருப்புவர். இதற்குச் சில மணி நேரம் ஆகும். எலும்பு வலி, தலைவலி வருவதுண்டு; பின்னர் நீங்கும். மஜ்ஜையாகவே எடுப்பதாயின், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பர். முதுகுத் தண்டை யாரும் தொடுவதில்லை.

‘கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவினால் போதும்’ என்னும் பிரசாரமும் குறையுடையதே. அது பதிவு மட்டும். கொடை பிறகு வருவது. மாற்றுச் சிகிச்சைக்காக நோயாளியின் சொந்த மஜ்ஜையை மருந்தால் அழித்த பின் கொடையாளர் பின்வாங்கினால், அந்நோயாளி உயிரிழக்க நேரலாம். தயங்குவோர் தொடக்கத்திலேயே விலகுவது நேர்மை.

அன்னாவிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. 18 வயது நிரம்பிய உங்களிடம் கேட்கிறார்கள். உண்மைகளை அறிந்து, வீட்டாரிடமும் பேசி, விடை சொல்லுங்கள்.