தாழ்வுணர்வும் தந்தையின் இல்லமும்

காலையில் கூடுவாஞ்சேரி இரயில் நிலையத்தில் மின்தொடர் வண்டிக்குக் காத்து நிற்கும் மாணவரைக் காணுந்தோறும், ‘அண்ணனைப் பார்!’ என்ற வீட்டுக் குரலும் அவர்தம் புத்தகப் பையோடு முதுகில் ஏறியிருக்குமோ என எண்ணுகிறோம்.

இச்சுமையை ஆராய்ந்தவர் வியன்னா மருத்துவர் ஆல்பிரட் ஆட்லர் (1870–1937). 1911இல் பிராய்டைப் பிரிந்தபின் அவர் வளர்த்தெடுத்ததே தனிமனித உளவியல். பெயர் நம்மை ஏமாற்ற வேண்டாம். அதன் இலத்தீன் மூலம் ‘பிரிக்க இயலாதது’ என்றே பொருள்படும். தாழ்வுணர்வு நோயன்று, வளர்ச்சியின் தூண்டுகோல். ஊக்கம் இழக்கும்போதே அது மனிதரை முடக்குகிறது. எனவே ஆற்றுப்படுத்துநர், குழந்தைப் பருவத்திலேயே உருவான வாழ்க்கைப் பாணியைத் தொடக்ககால நினைவுகள் வழியே கண்டறிந்து, ஊக்கமூட்டி, பிறர்மீது அக்கறைகொள்ளத் துணைநிற்கிறார். சமூக உணர்வே ஆட்லருக்கு மனநலத்தின் அளவுகோல்.

இதுவரை உடன்படுகிறோம். ஆனால் 1933இல் லூத்தரன் போதகர் எர்ன்ஸ்ட் யானுடன் இணைந்து வெளியிட்ட நூலில், மனிதர் நாடும் நிறைவின் உன்னதக் கருத்தாகவே கடவுளை ஆட்லர் காண்கிறார். இங்கே நாம் வேறுபடுகிறோம். இலக்கு எத்துணை உயர்ந்ததாயினும், தோற்றவனைத் தேடி வருவதில்லை. ஊதாரி மைந்தன் உவமையின் தந்தையோ இளையவனை நோக்கி ஓடுகிறார். மனம் புழுங்கிய மூத்தவனையும் வெளியே வந்து அழைக்கிறார். இருவரையும் அவர் ஒப்பிடவில்லை.

எனினும் ஆட்லரைக் குறைகூறுமுன் நம்மையே கேட்போம்: அருளைப் போதிக்கும் நாம், மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளை ஒப்பிடாதிருக்கிறோமா?