தனியாகப் படிப்பவர் கையில் சந்துவின் நூல்

ஆறாம் படிவத்தில் சேராமல், வேலை பார்த்துக்கொண்டே எஸ்.டி.பி.எம். வரலாறு எழுதுகிறவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "சார், ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க." இந்தியர் குடியேற்றம் என்றால் கெர்னியால் சிங் சந்துவின் 'மலாயாவில் இந்தியர்' நூலைச் சொல்வேன். 1969-இல் வந்த ஆங்கில நூல். கொஞ்சம் கனமானது, பயப்பட வேண்டாம்.

அதன் துணைத்தலைப்பிலேயே 1786 என்று இருக்கிறது. பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய ஆண்டு. "இந்தியர்கள் ரப்பருக்காக வந்தார்கள்" என்று ஒரே வரியில் எழுதுகிறீர்களா? குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அப்போது இங்கே ரப்பர் தோட்டம் ஏது? வணிகர், துறைமுகத் தொழிலாளி, நாடு கடத்தப்பட்ட கைதி என்று முதலில் வந்தவர்களையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆனால் சந்து புவியியலாளர். எங்கிருந்து வந்தார்கள், எங்கே குடியேறினார்கள் என்பதில் அவரை மிஞ்ச முடியாது. அட்டவணைக்குள் போன ஆளின் குரல்தான் கேட்பதில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது, 1938-இல் இந்தியா ஆள் அனுப்புவதற்குத் தடை போட்டது என்று ஆண்டுகளை மனப்பாடம் பண்ணிட்டா பாதி மதிப்பெண்கூடத் தேறாது. கங்காணியை நம்பி ஒரு குடும்பம் ஏன் கப்பல் ஏறியது? அதற்கு உங்கள் வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி, சந்துவின் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.