செத்தவீட்டுப் பாட்டும் வருத்தக்காரரின் கட்டிலும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஆள் செத்தபிறகு பாட்டுக்குப் பஞ்சமில்லை. சைவ வீடென்றால் ஒப்பாரி, பறை, சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம், 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் பாட்டுப் புத்தகம். கத்தோலிக்கர் ஒருபடி மேலே போய், தவக்காலத்தில் கிறிஸ்துவுக்கே ஒப்பாரிச் சாயலில் துக்கம் காக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் எழுதிய வியாகுலப் பிரசங்கம் அதற்கென்றே இருக்கிறது. இவ்வளவும் செத்தவருக்கும் அவரை இழந்தவருக்கும். செத்துக்கொண்டிருப்பவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சுருங்கிவிடுகிறது.

ஒப்பாரியின் பலத்தை முதலில் சொல்லவேண்டும். பிரேதத்தைச் சுற்றிப் பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாகக் குந்தியிருப்பார்கள். ஒருத்தி அடியை எடுக்க மற்றவர்கள் கடைசிச் சொல்லை இழுத்துப் பிடிப்பார்கள். மற்ற நாளில் வாய்திறக்க முடியாத கணக்கெல்லாம் அங்கே வெளியே வரும்: சீதனக் காணி, கதைபேச்சு இல்லாத தமையன், கனடாவிலிருந்து வராத மகன். ராகத்தோடு சொன்னதை ஒருவரும் சண்டைக்கு எடுக்கமாட்டார்கள். போர்க்கால யாழ்ப்பாணத்தின் மனக்காயங்களைப் பற்றி நிறைய எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இத்தகைய சடங்குகள் துக்கம் ஆற வழிசெய்பவை என்று மதிப்பது சும்மா இல்லை. ஆனால் அதே வட்டத்தில் அழாமல் இருப்பவளை ஊர் கவனிக்கும். கல்நெஞ்சக்காரி என்று பெயர் கட்டும். துக்கம் எல்லோருக்கும் சத்தமாக வருவதில்லை என்பதற்கு ஒப்பாரியில் இடமில்லை. ஆண்களுக்கும் இடமில்லை. அவர்கள் பந்தலில் கதிரை போட்டு வெற்றிலை சப்பியபடி அரசியல் கதைப்பார்கள்.

பறையைப் பற்றி மழுப்பக்கூடாது. அதன் அடி துக்கவீட்டுக்கு ஒரு கனத்தைக் கொடுத்தது உண்மை. அதை அடித்தவர்கள் சாதியின் பேரால் அடிக்க வைக்கப்பட்டவர்கள். பந்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஒரு வீட்டின் ஆறுதல் இன்னொரு வீட்டின் அவமானத்தில் நின்றது. யாழ்ப்பாணத்தில் பலர் பறையைக் கைவிட்டதும், அந்த இடத்துக்குப் பாண்ட் வாத்தியம் வந்ததும் இசைக்கு நட்டமாக இருக்கலாம். அந்த நட்டத்துக்காக நான் அழத் தயாரில்லை.

கல்வெட்டு இன்னும் சுவையான விஷயம். முதற்பக்கத்தில் படம், கீழே திதி வெண்பா: ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் நாலடிக்குள். பிறகு வம்ச வரலாறு. பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று வரிசைப்படி போகும். எழுதுவது ஊர்ப் புலவர். பெயரை மாற்றினால் இந்த வீட்டு மனைவியின் புலம்பல் அடுத்த வளவு மனைவிக்கும் அச்சொட்டாகப் பொருந்தும். அவள் உண்மையில் என்ன சொல்லி அழுதாள் என்று புலவர் கேட்டிருக்கமாட்டார். கவிதையாகப் பார்த்தால் தேறாது. ஆனாலும் 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி கிட்டத்தட்ட வெறிச்சோடி, புங்குடுதீவும் வேலணையும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் சிதறியபிறகு, யார் யாருடைய பிள்ளை என்பதை எழுதிவைத்தது இந்தச் சின்னப் புத்தகம்தான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நினைவு மலர்களைத் தேடி எடுத்து எண்ணிமப்படுத்துவது அதனால்தான். சபையில் தன் பெயர் வாசிக்கப்படும்போது தூரத்து மருமகளும் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பாள். யாப்பு செய்யாததைப் பெயர்ப்பட்டியல் செய்துவிடுகிறது.

வருத்தக்காரரின் கட்டிலுக்கு வருவோம். நெடுந்தீவில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் குறிகட்டுவானுக்குப் படகு, புங்குடுதீவும் வேலணையும் கடந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ், அங்கிருந்து தெல்லிப்பழை. தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நடந்து சேர்த்த பணத்தில் எழுந்த ட்ரெயில் புற்றுநோய் வைத்தியசாலை அங்கேதான். கடல் கொந்தளித்தால் பார்க்க வரும் சொந்தமும் நின்றுவிடும். வருகிறவர்கள் தோடம்பழத்தோடு வந்து, இதே வருத்தம் முன்பு யாருக்கு வந்து என்ன ஆனது என்று கட்டிலடியில் நின்று கதைப்பார்கள். பாட்டு வருவது சேடம் இழுக்கத் தொடங்கியபின்: தலைமாட்டில் சிவபுராணம். நாளும் பொழுதும் அதை ஓதி வளர்ந்தவருக்கு அதைவிடத் துணை வேறில்லை. ஆனால் அரை நினைவோடு கிடப்பவருக்கு அதன் முதலடி காதில் விழுந்தாலே, டொக்டரும் பிள்ளைகளும் மறைத்தது விளங்கிவிடும்.

வேறிடங்களில் இந்த இடைவெளியை மெல்லிய இசையால் நிரப்புகிறார்கள். மொன்றியலின் றோயல் விக்டோரியா வைத்தியசாலையில் மரணத்தை எதிர்நோக்கியவர்களுக்கு இசை கொடுத்த அனுபவத்தை சூசன் மன்றோவும் பல்போர் மவுண்டும் 1978இல் எழுதினார்கள். கலிபோர்னியாவில் 2000இல் தொடங்கிய திரெஷோல்ட் குவையர் அழைத்த வீட்டுக்கு மட்டும் இரண்டு மூன்று பேராகப் போய் மெல்லப் பாடுகிறது. உக்குலேலேயோடு வார்டுக்குப் போகிறவர்களும் உண்டு. நாலு நரம்பு, மடியில் அடங்கும், பக்கத்துக் கட்டிலை எழுப்பாது. 1879இல் மதெய்ராத் தீவுப் போர்த்துக்கேயர் ஹவாய்க்குக் கொண்டுபோன குட்டிக் கித்தாரிலிருந்து பிறந்தது அது. புற்றுநோயாளரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், இசையால் பதற்றமும் வலியும் ஓரளவு குறைவதாகக் கண்டார்கள், சான்றின் தரம் குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

எனக்கு இந்தக் கட்டிலடி இசையில் இரண்டு ஐமிச்சம். உக்குலேலே சிரித்த முகமுள்ள வாத்தியம். அதை வைத்துக்கொண்டு யாரையும் திட்ட முடியாது, விதியையும் கடவுளையும் வராத மகனையும் கேள்வி கேட்க முடியாது. ஒப்பாரிக்கு இருக்கும் கோபம் அதற்கு இல்லை. அடுத்தது, செத்தவீட்டில் பிடிக்காதவர் எழுந்து படலைக்கு வெளியே போகலாம். சேலைன் ஏறிக்கொண்டிருப்பவர் எங்கே போவது? வாசிக்கிறவருடைய மனநிறைவுக்கு நோயாளி சபையாகிவிடுவார். கேட்டு, ஓம் என்றால் மட்டும் வாசிப்பது என்ற ஒழுங்கு இல்லாவிட்டால் இதுவும் தொந்தரவுதான்.

இருந்தும் அதற்கு ஒரு தகுதி உண்டு: மரணம் நிச்சயமாகும்வரை அது காத்திருப்பதில்லை. மரணம் நிச்சயமாகாத நிலை வருத்தக்காரரோடு மட்டும் முடிகிற விஷயமல்ல, காணாமல் போனவர்களின் வீடுகளிலும் அதுதான். 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது, ஆண்டுதோறும் நெடுந்தீவு அழுகிறது. 2006 ஓகஸ்ட் 13இல் அல்லைப்பிட்டி பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் ஷெல் விழுந்து செத்தவர்களுக்கும் நாள் இருக்கிறது. ஆனால் அந்த மக்களுக்குத் துணைநின்ற பங்குத்தந்தை ஜிம் பிறவுண் ஒரு கிழமையில், 20ஆம் திகதி, காணாமல் போனார். 1990இல் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பவேயில்லை. திதி தெரியாதவருக்குத் திதி வெண்பா எழுத முடியாது. தாய் ஒப்பாரி வைத்தால் மகன் செத்தான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அவள் வைப்பதில்லை. செத்தவீட்டு இசை முழுவதும் அவளுடைய படலைக்கு வெளியே நிற்கிறது. கோபமில்லாத, எதையும் முடித்துவைக்காத அந்தச் சின்ன வாத்தியத்தை அவள் உள்ளே விடக்கூடும். அதற்கும் அவளைத்தான் முதலில் கேட்கவேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு.