மொஹீனின் குதிரைகள்

புனேயில் கிதார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் சீக்கிரமே வந்து சேரும் பாட்டுகளில் ஒன்று 'பீகி பீகி'. ஃபெர்குஸன் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் ஹனுமான் டேக்டியில் மாலை நேரத்தில் ஏறினால், அநேகமாக ஏதாவது ஒரு மாணவர் கூட்டம் அதைப் பாடிக்கொண்டிருக்கும். 2006-ல் வந்த 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தின் பாட்டு அது. இசை ப்ரீதம், பாடியவர் வங்கதேசத்தின் ராக் பாடகர் ஜேம்ஸ். அந்த ஆண்டு இன்னொரு எல்லையிலிருந்தும் மும்பைக்கு ராக் குரல் வந்தது. கராச்சியின் ஸ்டிரிங்ஸ் குழு 'ஜிந்தா' படத்துக்காகப் பாடியது. டாக்காவும் கராச்சியும் ஒரே ஆண்டில் இந்தி சினிமாவின் மைக் முன்னால் வந்து நின்றதை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது.

ஆனால் 'பீகி பீகி'யின் மெட்டு டாக்காவிலோ மும்பையிலோ பிறந்ததல்ல. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் கொல்கத்தாவில் ஒரு கேசட்டில் வந்தது. அந்தக் கேசட்டை வெளியிட்ட குழுவின் பெயர் மொஹீனேர் கோராகுலி. மொஹீனின் குதிரைகள் என்று பொருள். வங்காளக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் இது. இந்தியாவில் தாய்மொழியில் பாடிய ராக் குழுக்களில் ஆகப் பழைய பெயர்களில் ஒன்று. எழுந்து, கலைந்து, மீண்டும் கூடிய குழுக்களின் கதைகள் எத்தனையோ உண்டு. இந்தக் குழு மீண்டும் கூடிய விதத்தைப் போல வேறொன்றை நான் அறிந்ததில்லை.

குழுவின் நடுநாயகம் கௌதம் சட்டோபாத்யாய். நண்பர்களுக்கும் தம்பிகளுக்கும் மோனிதா. 60-களின் கடைசியில் பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களில் ஆங்கிலப் பாட்டு வாசித்தவர். நக்ஸல்பாரி அலையில் இழுக்கப்பட்டுச் சிறை சென்றார். வெளியே வந்தபின் சில காலம் வங்காளத்தைவிட்டு விலகியிருந்தார். 70-களின் நடுவில் தெற்குக் கொல்கத்தாவின் நாக்தலா வீட்டுக்குத் திரும்பியபோது அவர் கையில் மூன்று இசைகள் இருந்தன. பார்க் ஸ்ட்ரீட்டின் ஜாஸும் ராக்கும், பீட்டில்ஸ், டிலன் தலைமுறையின் பாட்டு, பிறகு வங்காளத்து நாடோடிப் பாடகர்களான பாவுல்களின் பாட்டு. தம்பிகள் பிரதீப், பிஸ்வநாத், உறவினர் ரஞ்சன் கோஷால், நண்பர்கள் தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், வயலினும் பியானோவும் வாசித்த ஆப்ரஹாம் மஜும்தார் எனக் கௌதமோடு சேர்த்து ஏழு பேர் ஆனார்கள்.

அவர்கள் வெளியிட்டது 1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று சிறு இசைத்தட்டுகள். மொத்தம் எட்டே பாடல்கள். முதல் தட்டின் பெயரே 'கலவரமடைந்த பறவைகளும் கொல்கத்தாவும் பற்றி' என்கிற அர்த்தத்தில், ஒரு ஆய்வுக் கட்டுரையின் தலைப்பைப் போல இருக்கும். நெருக்கடி நிலை முடிந்து, இடதுசாரிகள் மேற்கு வங்கத்தில் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. தெருவில் ரத்தம் காய்ந்து சில வருடங்களே ஆகியிருந்தன. ரவீந்திர சங்கீதமும் சினிமாப் பாட்டும் 'ஆதுனிக்' என்ற மெல்லிசையும் மட்டுமே கேட்டுப் பழகிய ஊருக்கு, நகரத்தின் கான்கிரீட்டையும் பதற்றத்தையும் பாடிய இந்தப் பையன்களைப் பிடிக்கவில்லை. பெரும்பாலோர் பொருட்படுத்தவே இல்லை.

அந்த முதல் தட்டில் இருக்கும் 'ஹாய் பாலோபாஷி'யைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வங்காளி தெரியாதவர்களுக்கும் அது பிடிபடும். கிதார் மீட்டல் ஒன்று சாவகாசமாகத் தொடங்குகிறது. பாடுகிறவர் தனக்குப் பிடித்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நிலா வெளிச்சத்தில் நாணல் காட்டில் ஓடுவது பிடிக்கும். பிக்காஸோ பிடிக்கும், புனுவெல் பிடிக்கும், டிலன் பிடிக்கும், பேத்தோவன் பிடிக்கும். ரவிசங்கரையும் அலி அக்பர் கானையும் கேட்டுவிட்டு விடியற்காலைப் பனியில் வீடு திரும்பப் பிடிக்கும். இதுவரை இது படித்த நகரத்துப் பையனின் பட்டியல். மெட்டும் துள்ளலாகவே போகிறது. பிறகு மற்றக் குரல்களும் சேர்ந்துகொள்ள, பாட்டு திரும்புகிறது. இவ்வளவு பிடித்தும் எதுவுமே ஏன் மனதுக்கு ஒட்டவில்லை என்று கேட்கிறார்கள். வயலில் உழைப்பவர்களின் துயரம் தீராதவரை இந்த ரசனையெல்லாம் எதற்கு என்ற உறுத்தல் அங்கே தலைகாட்டுகிறது.

இதில் அடங்கியிருக்கும் நுட்பத்தைப் பாருங்கள். கோஷம் இல்லை, முஷ்டி உயர்த்தல் இல்லை. சிறையிலிருந்து வந்த ஒருவர் புரட்சிப் பாட்டு எழுதியிருக்கலாம், எழுதவில்லை. தன் ரசனையை முழுசாக, வெட்கமில்லாமல், ஆசையோடு அடுக்கி வைத்துவிட்டு, அதே மூச்சில் அது போதவில்லை என்கிறார். ரசனையும் கைவிடப்படவில்லை, உறுத்தலும் மறைக்கப்படவில்லை. அந்தத் திருப்பத்தில் தனிக்குரல் கூட்டுக்குரலாவது தற்செயல் இல்லை. ஆசையைப் பாடத் தனியாள் போதும், உறுத்தலைப் பாட ஏழு பேர் வேண்டியிருக்கிறது. ஒலிப்பதிவு இன்றைய காதுக்கு மெலிசாகத்தான் கேட்கும். அதனால் பாட்டுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

தமிழர்கள் இந்தக் கதையைக் கேட்கும்போது ஒரு தேதி தானாக நினைவுக்கு வர வேண்டும். 1976, 'அன்னக்கிளி'. நாட்டுப்புற மெட்டையும் மேற்கத்திய வாத்தியங்களையும் ஒரே பாட்டில் உட்கார வைக்கும் வேலையை இளையராஜா சென்னையில் தொடங்கிய அதே காலத்தில்தான் கௌதம் நாக்தலாவில் தொடங்கினார். சென்னையில் அது சினிமா வழியாக வந்தது, ஒரே ஆண்டில் டீக்கடை வானொலிவரை போய்ச் சேர்ந்தது. கொல்கத்தாவில் அது சினிமாவுக்கு வெளியே, ஏழு பேரின் சொந்தச் செலவிலும் பிடிவாதத்திலும் வந்தது, தோற்றது. தமிழில் இசைக்குழு என்றால் வெகுகாலம் சினிமாப் பாட்டை மேடையில் திரும்ப வாசிக்கும் மெல்லிசைக் குழு என்றே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சினிமாவே எல்லாவற்றையும் தந்துவிட்டதால் வெளியே தேட அவசியம் இல்லாமல் போயிற்று. 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது நமக்கு ஏற்பட்ட அதிர்ச்சி, வங்காளத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டிருக்க வேண்டியது. அவர்கள் அப்போது காது கொடுக்கவில்லை.

1981-ல் குழு கலைந்தது. சண்டை இல்லை, வழக்கு இல்லை. வயிற்றுப்பாடுதான். ஒருவர் அமெரிக்கா போனார். ரஞ்சன் கோஷால் பெங்களூரில் விளம்பரத் துறையில் கால் ஊன்றினார். ஆப்ரஹாம் இசை ஆசிரியர் ஆனார். கௌதம் கேமராவைக் கையிலெடுத்தார். படகிலே வாழும் நாடோடிகளைப் பற்றி அவர் எடுத்த 'நாக்மோதி' தேசிய விருது பெற்றது. இசைத்தட்டுகள் கிடைக்காமல் போயின.

இங்கே ஸ்டிரிங்ஸ் குழுவை நினைத்துக்கொள்வது உதவும். 1988-ல் கராச்சியில் நான்கு கல்லூரி நண்பர்கள் தொடங்கியது. 1992-ல் இரண்டாவது ஆல்பம் பெரிய வெற்றி. 'சர் கியே யே பஹாட்' பாட்டு எல்லை தாண்டி இந்தியாவிலும் ஒலித்தது. புகழின் உச்சியிலேயே படிப்பு, வேலை என்று கலைந்தார்கள். 2000-ல் பிலால் மக்ஸூத், ஃபைசல் கபாடியா ஆகிய இருவர் மட்டும் 'தூர்' ஆல்பத்தோடு திரும்பி வந்து, முன்பைவிடப் பெரிய பெயர் எடுத்து, 2021 மார்ச்சில் நிதானமாக விடைபெற்றுக்கொண்டார்கள். புனேக்குப் பக்கத்து ஊரான மும்பையில் 1984-ல் பிறந்த ராக் மெஷின், இண்டஸ் க்ரீட் என்று பெயர் மாறி, 1997-ல் கலைந்து, 2010-ல் மீண்டும் கூடியது. அதே 2010 டிசம்பரில்தான் புனேயில் என்ஹெச்7 வீக்கெண்டர் இசை விழாவும் தொடங்கியது. சவாய் கந்தர்வ இசை விழாவுக்காக டிசம்பரில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்காரும் இந்த ஊர், அதே மாதத்தில் ராக் கேட்க நின்றுகொண்டே இருக்கவும் பழகியது.

இந்த மறுகூடல்கள் எல்லாம் எனக்குப் பிடித்தமானவை. ஆனாலும் அவற்றின் அடிப்படை ஒன்றே. பழைய ஆட்கள் வருகிறார்கள், பழைய பாட்டை வாசிக்கிறார்கள், அதன்மேல் புதியதைக் கட்டுகிறார்கள். கேட்பவருக்கு இளமை திரும்பக் கிடைக்கிறது.

கௌதம் செய்தது வேறு. 90-களின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் காது மாறியிருந்தது. 1992-ல் பாடகர் சுமன் சட்டோபாத்யாயின் 'தொமாகே சாய்' ஆல்பம் வந்து, வங்காளியில் புதிதாகப் பாடலாம் என்ற நம்பிக்கையை ஊட்டியிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் மொஹீனின் பழைய பாட்டுகளைத் தேடிப் பாடத் தொடங்கியிருந்தார்கள். சரியான சமயம். பழைய ஏழு பேரைக் கூட்டி எட்டுப் பாட்டையும் பளபளப்பாக மறுபதிவு செய்திருந்தால் விற்றிருக்கும். அவரோ 1995 புத்தகக் கண்காட்சியில் 'ஆபார் பொச்சொர் குரி போரே' என்ற கேசட்டைக் கொண்டுவந்தார். மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின் என்று பொருள். இதுவும் ஜீவனானந்தரிடம் கடன் வாங்கியதுதான். உள்ளே இருந்தவை பெரும்பாலும் புதியவர்களின் குரல்கள், புதியவர்களின் பாட்டுகள். மேலே போட்டிருந்தது: மொஹீனேர் கோராகுலி தொகுத்தது.

ஒரு ராக் குழு தன்னைத் தொகுப்பாசிரியர் என்று அழைத்துக்கொண்டது. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். தன் எழுத்தை மட்டும் அச்சடிக்காமல், யாரும் அறியாத இளைஞனின் முதல் கவிதைக்கு முதல் பக்கத்தைத் தருகிற ஆசிரியரின் மனம் அது. தன் பெயருக்குக் கிடைத்திருந்த மதிப்பை, பெயரே இல்லாதவர்களுக்குக் கூரையாக்கினார் கௌதம்.

அந்தக் கேசட்டில் வந்ததுதான் 'ப்ருதிபீடா நாகி சோட்டோ ஹோதே ஹோதே'. கௌதமின் பாட்டு. அதைப் பதிவில் இசைத்தது க்ராஸ்விண்ட்ஸ் என்ற இளைய குழு. கேபிள் டிவி வீடுகளுக்குள் நுழைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். உலகம் சுருங்கி வரவேற்பறைப் பெட்டிக்குள் வந்துவிட்டதே என்று பாட்டு தொடங்குகிறது. எல்லைகள் எல்லாம் அழிந்துவிட்டன, சரி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீயும் நானும் ஏன் விலகிக்கொண்டே போகிறோம் என்பதுதான் கேள்வி. மெட்டில் புகார் இல்லை, வருத்தம் மட்டும் இருக்கிறது. 'பீகி பீகி'யில் மெட்டு மட்டும் தங்கிவிட்டது. மழையும் காதலும் தனிமையும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஜேம்ஸின் குரலில் இருக்கும் கரகரப்பு அந்தப் பாட்டைக் காப்பாற்றுகிறது, மறுக்கவில்லை. ஆனால் மூலப் பாட்டில் இருந்த எண்ணம் போய்விட்டது. அது பெரிய இழப்பு. கைப்பேசியைப் பார்த்தபடி ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு 1995-ன் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகவே வந்து குத்துகிறது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் மூன்று தொகுப்புகள் வந்தன. எல்லாமே ஒரே உயரம் என்று சொல்ல மாட்டேன். முதல் தொகுப்பின் நெருப்பு பின்னால் வந்தவற்றில் இடைவிட்டுத்தான் எரிகிறது. சில பாட்டுகளின் கீபோர்டு ஒலி அந்தப் பத்தாண்டோடு நின்றுவிட்டது. 1999 ஜூனில் கௌதம் காலமானார், வயது ஐம்பத்தொன்று. ஆனால் அதற்குள் கதவு திறந்துவிட்டிருந்தது. சந்திரபிந்து, கேக்டஸ், பூமி, ஃபாசில்ஸ் என்று வங்காளி ராக் ஒரு பெரும் கூட்டமாகிவிட்டது. கௌதமின் மகன் கௌரவ் 'லக்கிசாடா' குழுவின் டிரம்மர். 2020-ல் ரஞ்சன் கோஷால் மறைந்தார். 2023 ஜூனில் தாபஸ் தாஸ் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய சிகிச்சைக்கு நிதி திரட்ட ஓடியவர்கள் அந்த இளைய தலைமுறைக் கலைஞர்கள்.

புனேயில் காங்கிரஸ் பவன் மைதானத்தில் நடக்கும் துர்கா பூஜையில், மேடைக்கு வெளியே, உணவுக் கடைகளின் ஓரத்தில் வங்காளிப் பிள்ளைகள் இந்தப் பாட்டுகளைப் பாடிக் கேட்டிருக்கிறேன். ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள், குழு கலைந்தபோது பிறந்திராதவர்கள். எந்தப் பாட்டு 1977-ல் வந்தது, எது 1995-ல் வந்தது என்ற கணக்கெல்லாம் அவர்களுக்கு இல்லை. எல்லாம் மொஹீனின் பாட்டுதான். கௌதம் விரும்பியதும் இதைத்தான் என்பது என் கணிப்பு.

மீண்டும் கூடிய ராக் குழுக்களில் நான் முதலிடம் தருவது இவர்களுக்கு. பழைய வெற்றியை மீட்க அவர்கள் கூடவில்லை, மீட்பதற்கு வெற்றியும் இருக்கவில்லை. தோற்றுப்போன ஒரு முயற்சியை அடுத்தவர் கையில் கொடுத்து ஜெயிக்க வைத்தார்கள். கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 1995 தொகுப்பை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த மூன்று சிறு தட்டுகளின் எட்டுப் பாட்டையும் வந்த வரிசையிலேயே கேளுங்கள். ஒரே மாலையில் முடிந்துவிடும். வங்காளி தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.