சட்டமும் சட்டையும்

மாண்டிசோரி வகுப்பறைகளின் தாழ்வான அலமாரியில் சதுர மரச்சட்டங்கள் சில வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டுத் துணி நடுவில் வந்து சேரும். ஒன்றில் பெரிய பொத்தான், இன்னொன்றில் சின்னப் பொத்தான், அப்புறம் டிச் பட்டன், ஹூக், பக்கிள், ஜிப், நாடா முடிச்சு. பிள்ளை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கழற்றும், மாட்டும், மறுபடி கழற்றும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

மூன்றரை வயதில் என் மகள் பெரிய பொத்தான் சட்டத்தை முழுக்கப் போட்டு முடித்துவிட்டாள் என்று அவளுடைய ஆசிரியை பெருமையாகச் சொன்னார். மறுநாள் காலையில் யூனிஃபார்ம் சட்டையை நீட்டினால், சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். "நீயே போட்டு விடும்மா."

சட்டத்தில் வந்த வித்தை சட்டையில் ஏன் வரவில்லை?

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். மருத்துவரான அவர், ஒரு வேலையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு கஷ்டத்தை மட்டும் பிள்ளையின் முன் வைத்தார். பொத்தான் போடுவதை மெதுவாகச் செய்து பாருங்கள், அதன் அருமை புரியும். ஒரு கை காஜாவின் ஓரத்தைப் பிடித்து விரித்துத் தர வேண்டும். மறு கை பொத்தானைச் சாய்த்து விளிம்பை உள்ளே தள்ள வேண்டும். பாதி நுழைந்ததும் இரண்டு கைகளும் வேலையை மாற்றிக்கொள்கின்றன: துணியைப் பிடித்திருந்த கை பொத்தானை வாங்கிக்கொள்கிறது, பொத்தானைத் தள்ளிய கை துணியை இழுக்கிறது. இந்தக் கைமாற்றத்தில்தான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். நாம் "போடு, போடு" என்று அவசரப்படுத்துகிறோமே தவிர, இந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பதே இல்லை. மாண்டிசோரி ஆசிரியை வாயைத் திறக்காமல், நிதானமாக, இதைத்தான் காட்டுகிறார்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மேஜைமேல் வைத்த சட்டத்தில் எல்லாமே கண்ணுக்கு எதிரே கிடக்கின்றன. கழுத்துப் பக்கம் தள்ளியும் கீழ் விளிம்பு தன் பக்கமாகவும் இருக்கும். சட்டையைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ்: கழுத்துப் பொத்தான் முகவாய்க்கடியில் ஒளிந்துகொள்கிறது, கீழ்ப் பொத்தான்தான் தெரிகிறது. அதோடு, பொத்தான் என்பது உடுத்துவதில் கடைசிக் கட்டம். சட்டைக்கு முன்பக்கம் எது, முதுகுக்குப் பின்னால் தொங்கும் இரண்டாவது கை எங்கே, ஒற்றைக் காலில் விழாமல் நின்று டவுசருக்குள் மற்றக் காலை நுழைப்பது எப்படி, இவற்றில் ஒன்றுகூடச் சட்டத்தில் கிடையாது. அதே பள்ளிகளில் சொல்லித்தரும் ஒரு தந்திரம் இதைவிடப் பயன் தருகிறது. முன்பக்கம் திறந்த சட்டையை, காலர் தன் காலடியில் இருக்கும்படி தரையில் விரித்து, குனிந்து கைகளை நுழைத்து, தலைக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் போடுவது. இதற்கு மரமும் வேண்டாம், ஆணியும் வேண்டாம்.

தொடக்ககாலச் சட்டங்களில், கொக்கி வைத்துப் பொத்தான் மாட்டும் தோல் பூட்ஸுக்கும் கயிறு கோத்துக் கட்டும் ரவிக்கைக்கும் பயிற்சி இருந்தது. அன்றைய இத்தாலியப் பிள்ளைகள் எதை உடுத்தினார்களோ அதிலிருந்து வெட்டியெடுத்தவை அவை. ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பில் 1939இல் அடையாறு வந்த மாண்டிசோரி, போர்க்காலம் முழுக்க இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆனாலும் நான் பார்த்த பள்ளிகளின் அலமாரிகளில் ஷூ லேஸ் முடிச்சு இருக்கிறது, பாவாடை நாடாவின் சுருக்கு இல்லை. நாடா கடுமுடிச்சாக விழுந்து, கழிவறை வாசலில் குதித்துக்கொண்டு நின்ற அனுபவம் உள்ளவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள மாட்டார்கள்.

எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் பிள்ளையைச் சோம்பேறியாக்கும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இரண்டரை வயதில் தானே இழுத்துவிட்டுக்கொள்ளும் டவுசர் எவ்வளவு பெரிய சுதந்திரம்! சுயசார்பு வளர்க்கிறோம் என்று கையேட்டில் அச்சடித்துவிட்டு, எல்.கே.ஜி. பிள்ளைக்கு டை, பெல்ட், லேஸ் வைத்த ஷூ என்று விதிக்கும் பள்ளிகளைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டுக்குச் சட்டத்தைவிடத் தோதானது, செயல்முறைச் சிகிச்சையாளர்கள் கையாளும் ஒரு வழி. வேலையைப் பெரியவர் தொடங்கி, கடைசிப் படியை மட்டும் பிள்ளைக்கு விட்டுவிடுவது. ஜிப்பை முக்கால்வாசி நாம் ஏற்றினால் மீதியை அது ஏற்றும். நாளாக ஆக ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிக் கொடுத்துக்கொண்டே வரலாம். வேலையை முடித்தது நான்தான் என்ற நிறைவு முதல் நாளே பிள்ளைக்குக் கிடைத்துவிடும். கழற்றுவது போடுவதைவிடச் சுலபம் என்பதால் பாடத்தை மாலையில் தொடங்குவது இன்னும் நல்லது. மாலையில் வேன் வந்து நிற்காது.

ஒன்றில் மட்டும் மாண்டிசோரியோடு எனக்குப் பிணக்கு. பிள்ளைக்குத் தானே செய்யக் கற்றுத்தராமல் எல்லாம் செய்துவிடும் தாய், அதைப் பொம்மையாக நடத்துகிறாள் என்பது அவர் கட்சி. என் பாட்டி எனக்குச் சட்டை போட்டுவிட்டதை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. முழங்கை எது, மணிக்கட்டு எது என்று நான் தெரிந்துகொண்டதே சட்டைக் கைக்குள் அவள் விரல்கள் என் கையைத் தேடி வந்தபோதுதான். என் மகள் கை விரித்து நிற்பதில் பாதி இயலாமை என்றால், மறுபாதி அந்த விரல்களுக்கான ஆசையாகவும் இருக்கலாம்.

இப்போது எங்கள் வீட்டில் மேலிருந்து நான் போட்டுக்கொண்டு வருவேன். கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கீழ்ப் பொத்தான் அவளுடையது. நாக்கைக் கடித்துக்கொண்டு போடுவாள். நேற்று அதற்கு மேல் பொத்தானையும் தானே போடுவேன் என்று கேட்டாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். நானே போட்டுவிட்டேன்.